ஆனைமலைக்கு வேன் எடுக்கும் வடசென்னைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமெல்லாம் இப்போது மலையேற்றக் குழுக்கள் பெருகிவிட்டன. வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் காலை வேலைக்கு வந்துவிடுகிறீர்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் வாரம் முழுக்க உழைக்கும் நம் பிள்ளைகள் காடு பார்க்கப் போவதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நிறையப் போங்கள். போகிற விதத்தைப் பற்றித்தான் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லா வண்டியும் நிற்கும். தடுப்புச் சுவரோரம் வரையாடுகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 1,031தான். அதைச் சுற்றி வளைத்து ஒருவர் கழுத்தில் கைபோடப் பார்க்கிறார், இன்னொருவர் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறார். காலிப் பொட்டலம் சரிவில் பறக்கிறது. மனிதரைக் கண்டால் விலக வேண்டிய விலங்கு மிக்சருக்காக நிற்கப் பழகிவிட்டால், வளைவில் திரும்பும் லாரிக்கு முன்னாலும் நிற்கும். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில் அடிபட்டுச் செத்துத்தான், மரத்துக்கு மரம் பாலம் கட்ட நேர்ந்தது. மரத்தின் மேலேயே வாழும் குரங்கு அது. தீனி காட்டித் தரைக்கு இழுக்காதீர்கள்.

அடுத்தது ஒலிபெருக்கி. இது என்னை மிகவும் வருத்துகிறது. பெரிய இருவாச்சி பறந்து வந்தால், கண்ணில் படும் முன்பே சிறகோசை கேட்கும். பழைய கரி என்ஜின் மூச்சு விடுவது போலிருக்கும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவுதான் மிச்சம். உள்ளே இறக்கையின் பறக்கும் இறகுகளும் உதிர்ந்துவிடும். பல வாரங்களுக்கு ஆண் பறவை கொண்டுவரும் பழம்தான் அதற்கு உணவு. கீழே பாட்டும் கூச்சலுமாக இருந்தால், பழத்தோடு வந்த ஆண் மரத்தை நெருங்கத் தயங்கும். அத்தனை நேரமும் உள்ளே பட்டினிதான்.

கோடையில் தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடினால், குறுக்கு வழி தேடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள்.

இதையெல்லாம் உங்களிடம் உரிமையோடு சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரார் குப்பை கொடுங்கையூரில் மலையாகக் கிடக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. நாம் வாழும் இடத்தை எவரோ குப்பைத்தொட்டியாக்கினால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனைமலையில் காடர், மலசர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அது அவர்கள் ஊர்.

வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியிருக்கிறது. அதில் முன்பதிவு செய்தே போங்கள். உடன் வரும் வழிகாட்டி கை உயர்த்தினால் நில்லுங்கள். என்ன பார்த்தார் என்று பிறகு கேளுங்கள். யானைத் தடத்தையும் கரடி கீறிய மரத்தையும் அவர் காட்டினால்தான் நம் கண்ணுக்குத் தெரியும். விலங்கு எதிர்ப்படாத நாளில் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயண அறிவிப்பில் கட்டணத்துக்குக் கீழே மூன்று வரி சேருங்கள்: தீனி போடக் கூடாது, பாட்டு கூடாது, கொண்டுபோன குப்பை திரும்ப வர வேண்டும். சம்மதிப்பவர்களிடம் மட்டும் பணம் வாங்குங்கள். பத்து இருக்கை காலியாகப் போனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து ஒரு மலை விரும்பி