ஆர்.கே.புரத்தில் பொன்னியின் செல்வன்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

தில்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆர்.கே.புரத்தில் பார்வையற்ற தமிழர்களுக்காக ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைக் காட்சி வர்ணனையோடு, அதாவது திரையில் நடப்பதை வசன இடைவெளிகளில் ஒருவர் சொல்லச் சொல்ல, திரையிட்டோம். தில்லி, குருகிராம், நொய்டா என்று பல பக்கமிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இதற்காக வாரக்கணக்கில் உழைத்த பலர் மேடைக்கு வர மறுத்துவிட்டார்கள். பெயரைச் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னபடியே பெயர் போடாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் சாருக்கு. 2024 ஆகஸ்ட் 16 அன்று 70ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது இந்தப் படத்துக்கு நான்கு விருதுகள் கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதோடு ஒளிப்பதிவுக்கு ரவி வர்மன், பின்னணி இசைக்கு ஏ.ஆர்.ரஹ்மான், ஒலி வடிவமைப்புக்கு ஆனந்த் கிருஷ்ணமூர்த்தி. ரஹ்மானுக்கு இது ஏழாவது தேசிய விருது. அக்டோபர் 8ஆம் தேதி இதே ஊரில், விஞ்ஞான் பவனில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதுகளை வழங்கினார். அந்தச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சார் சொன்னார்: “நாலுல ரெண்டு காதுக்குக் குடுத்த விருது. அது எனக்கு விளங்குது. ஒண்ணு கண்ணுக்குக் குடுத்தது. அதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லிக் காட்டுங்களேன்.” இந்த நிகழ்ச்சிக்கு விதை அவர் கேட்ட அந்தக் கேள்விதான்.

2022 செப்டம்பர் 30 அன்று படம் வந்தபோது நாமெல்லாம் எப்படி வாதாடினோம் என்று நினைவிருக்கும். பத்திரிகைகள் இசையையும் ஒளிப்பதிவையும் தோட்டா தரணியின் கலை இயக்கத்தையும் பாராட்டின. நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள் “இதை விட்டுட்டாங்க, அதைச் சுருக்கிட்டாங்க” என்று வருத்தப்பட்டார்கள். படிக்காதவர்களோ யார் யாருக்கு என்ன உறவு என்று பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 2023இல் ஆசியத் திரைப்பட விருதுகளில் ஆறு பரிந்துரைகள், பிறகு தென்னிந்திய ஃபிலிம்ஃபேரில் சிறந்த தமிழ்ப் படம், கடைசியில் தேசிய விருது. ஒவ்வொரு முறையும் பேச்சு புதிதாகக் கிளம்பும். அந்தப் பேச்சில் நம் பார்வையற்ற நண்பர்கள் கலந்துகொள்ள வழியே இருக்கவில்லை. பாட்டு மனப்பாடம், வசனம் மனப்பாடம், ஆனால் வசனம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. எனக்கு இது அநியாயமாகவே பட்டது, இன்றும் படுகிறது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி, படத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் முறைப்படி எழுதி அனுமதி வாங்கித் தந்த வழக்கறிஞர் அக்காவுக்கு நன்றி. அவர் சொல்லித்தான் பல விஷயங்கள் எங்களுக்குத் தெரிந்தன. 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ‘பதான்’ இந்திப் படத்தின் ஓடிடி வெளியீட்டுக்குக் காட்சி வர்ணனை சேர்க்கச் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேசிய விருதுக்கு அனுப்பும் கதைப் படங்களில் 2025 ஜனவரி 1 முதல் காட்சி வர்ணனையும் செவித்திறன் குறைந்தவர்களுக்கான எழுத்து வசதியும் இருந்தாக வேண்டும் என்பது அந்த நெறிகளில் ஒன்று. இனி விருது வாங்கும் படங்கள் இந்த வசதியோடு வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஏற்கெனவே விருது வாங்கிவிட்ட படங்களுக்கு நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

வர்ணனையை எழுதிய ஓய்வு பெற்ற தமிழாசிரியை அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படம் 167 நிமிடம். வசனமும் பாட்டும் போக மிச்சமிருக்கும் இடைவெளியில்தான் வர்ணனை உட்கார வேண்டும். சில இடங்களில் இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. அம்மா ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினார். “அழகாக இருக்கிறாள்” என்று எழுத மாட்டார். என்ன உடை, என்ன நகை, எங்கே நிற்கிறாள், கண் எந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். நந்தினியும் குந்தவையும் எதிரெதிரே வரும் காட்சிக்கு “பகையோடு பார்க்கிறார்கள்” என்று எங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை அடித்துவிட்டார். பகையா, பொறாமையா, பழைய பாசமா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும், கண் தெரிந்தவருக்கு இருக்கும் அந்த உரிமை இவர்களுக்கும் இருக்கட்டும் என்றார்.

அதைவிடப் பெரிய சிக்கல் கடைசிக் காட்சி. புயலில் கப்பல் மூழ்குகிறது. ஊமை ராணி தண்ணீருக்குள் வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தியேட்டரே அதிர்ந்தது நமக்குத் தெரியும். ஆனால் அவளுக்குக் குரல் கிடையாது. காதால் மட்டும் படம் கேட்பவருக்கு அந்த அதிர்ச்சி வந்து சேர வேறு வழியே இல்லை, யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். எப்போது சொல்வது? ஒரு விநாடி முந்தினால் ரகசியம் உடையும், ஒரு விநாடி பிந்தினால் பக்கத்தில் இருப்பவர் “ஆ” என்று சொல்லிவிடுவார். அம்மா எழுதியது மூன்றே வாக்கியம்: “தண்ணீருக்கடியில் ஒரு முதியவள். முகம் தெரிகிறது. நந்தினியின் முகம்.” அன்றைக்கு மூன்றாவது வாக்கியம் விழுந்த அதே நொடியில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு தாத்தா “மந்தாகினி!” என்று ஊமை ராணியின் பெயரை உரக்கச் சொன்னார். சின்ன வயதில், பார்வை இருந்தபோது, கல்கி இதழில் வாராவாரம் தொடராகப் படித்தவர். 1950இல் தொடங்கிய கதை. அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வாக்கியங்களைப் படித்த குரலுக்கு உரிய அம்மாவுக்கும் நன்றி. முன்பு தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். அவர் “வணக்கம்” என்று தொடங்கியதுமே அரங்கில் பெரியவர்கள் பலர் கை தட்டினார்கள். பதிவு செய்து ஓட்டலாம் என்று நாங்கள் சொன்னோம். அவர்தான் நேரடியாகவே படிக்கிறேன் என்று உட்கார்ந்தார். இடைவேளை தவிர எழுந்திருக்கவே இல்லை.

குதுப் மினார் பக்கம் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் நம் தம்பி இல்லையென்றால் அந்தக் குரல் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. வழிகாட்டி மைக்கில் பேச, பயணிகள் ஆளுக்கொரு சின்னக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள் இல்லையா, அந்த செட்டைத் தன் நண்பர்களிடமிருந்தும் சேர்த்து வாங்கிக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு நல்ல வருமானம் வரும் நாள். அதை விட்டுவிட்டு வந்தார்கள், வாடகையும் வாங்கவில்லை. ஒரு காதில் மட்டும் இயர்போன், மறு காது படத்துக்கு என்று ஏற்பாடு செய்ததும் அவர் யோசனைதான்.

பிரெய்லில் பாத்திரப் பட்டியல் அச்சடித்துக் கொடுத்த ஆசிரியருக்கு நன்றி. சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், குந்தவை, அருண்மொழி, இரண்டு பழுவேட்டரையர்கள், ஆழ்வார்க்கடியான் என்று இத்தனை பேர் வரும் படத்தில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது முன்கூட்டியே கையில் இருந்தது பெரிய உதவி. வந்தவர்கள் படத்துக்கு முன்பே அதை விரலால் தடவிப் படித்துச் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வந்தியத்தேவன் கட்சி, கரிகாலன் கட்சி!

பனிமூட்டத்தில் காலையிலேயே ஆர்.கே.புரம் மெட்ரோ வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கை பிடித்து அழைத்து வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி. பிள்ளைகளா, “கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அவங்க உங்க முழங்கையைப் பிடிச்சுக்கட்டும்” என்று ஒருமுறைதான் சொன்னோம், அத்தனை பேரும் அப்படியே நடந்துகொண்டீர்கள். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக் கொடுத்த முனிர்கா மாமிகளுக்கும், அரங்கத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்து ஸ்பீக்கர்களை இரண்டு முறை சரிபார்க்க விட்ட நிர்வாகிக்கும், காபி தீரவே விடாத கேன்டீன் அண்ணனுக்கும் நன்றி.

மணிரத்னம் அவர்களுக்கும் அவருடைய கலைஞர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேருமா என்று தெரியாது. சேர்ந்தால் ஒன்று சொல்ல ஆசை. பூங்குழலி படகு வலித்துக்கொண்டு பாடும் இடத்தில் எங்கள் வர்ணனை கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கடல், இருட்டு, துடுப்பு என்று சொல்லி முடித்ததும் மிச்சத்தை உங்கள் பாட்டும் ஒலியும் பார்த்துக்கொண்டன. ஒலிக்குக் கொடுத்த விருது எவ்வளவு தகுதியானது என்று அங்கிருந்தவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இருக்க முடியாது.

வந்திருந்த ரசிகர்களுக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய நன்றி. படம் முடிந்ததும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ரெண்டு வருஷமாக நாம் வாதாடியதையெல்லாம் அவர்கள் அன்று மாலை ஒரே மூச்சில் வாதாடினார்கள். நாவலில் இருந்த எது விட்டுப்போனது, கரிகாலன் பேசுவது வீரமா வேதனையா, இரண்டாம் பாகத்தைத் திரையிடுவது எப்போது. எங்கள் வேலைக்கும் விமர்சனம் வந்தது. சண்டைக் காட்சிகளில் யார் விழுந்தார் என்பதை உடனே சொல்ல வேண்டும். நகைகளைப் பற்றி இன்னும் சொல்லலாம் என்று பெண்கள் கேட்டார்கள். சார் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: ரஹ்மான் இசை தனியாக எழும்பும் இடங்களில் வர்ணனை கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். ஆசிரியை அம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டாம் பாகத்துக்கான வர்ணனையை அந்த நோட்டை வைத்துத்தான் எழுத ஆரம்பித்திருக்கிறார். அதற்கும் படிக்க, கருவி தர, மெட்ரோ வாசலில் நிற்க ஆள் வேண்டும். இந்த முறை வர முடியாதவர்கள் அப்போது அவசியம் வாருங்கள்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
திரையிடல் குழுவின் சார்பில்,
புது தில்லி