ஆம்பர் சோதனை: உப்புநீர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரப்பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகிக் கல்லான ஆம்பரை, பட்டை தீட்டாத நிலையில் வாங்குவது பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரை, ‘உப்புநீரில் மிதந்தால் அசல்’ என்று முடித்துவிட்டது. இதை மட்டும் நம்பிக் காசு கொடுப்பவர் ஏமாறுவார்.

200 மி.லி. தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.15 ஆகும் (வெறும் தண்ணீருக்கு 1). ஆம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரைதான், அதனால் மிதக்கும். கண்ணாடி, பேக்கலைட் எனும் பழையகால பிளாஸ்டிக், அக்ரிலிக் மூழ்கும். ஆனால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும், கோப்பல் எனப்படும் முதிராத மரப்பிசினும் ஆம்பரின் கனமே உள்ளவை. இரண்டும் ஜோராக மிதக்கும். விரிசலில் களிமண்ணோ, பைரைட் எனும் கனமான இரும்புக் கனிமமோ ஏறிய அசல் கல் மூழ்குவதும் உண்டு. சோதித்த கையோடு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். விரிசலுக்குள் உப்பு உறைந்தால் கல் உதிரும்.

மிதக்கும் அந்த இரண்டு போலிகளையும் பிடிக்க அசிட்டோன் எனும் கரைப்பான் திரவம் போதும். மேலோட்டை ஓர் ஓரத்தில் சுரண்டி, உட்பகுதி தெரிந்த இடத்தில் ஒரு துளி விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் அழுத்திப் பாருங்கள். கோப்பல் பிசுபிசுக்கும், பாலிஸ்டைரீன் கரையும், முதிர்ந்த ஆம்பர் அசையாது. நகச்சாயம் நீக்கும் திரவத்தை நம்ப வேண்டாம்; அசிட்டோனே இல்லாத வகைகள் நிறைய விற்கின்றன.

கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கவைப்பது வெறும் வேடிக்கை, பிளாஸ்டிக்கும் இழுக்கும். சூடான ஊசி குத்துவதை அறவே விட்டுவிடலாம். பிசின் வாசனை கோப்பலிலும் வரும்; ஆம்பர் நொறுங்கும் தன்மையுள்ளது, குத்திய இடத்தில் விரிசல் ஓடினால் விலை விழுந்துவிடும். அதற்குப் பதில், இருட்டில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடியுங்கள். அசல் ஆம்பரில் புதிதாக உடைந்த பரப்பு நீலவெண்மையாக ஒளிரும். காற்றுப்பட்டுப் பழுத்த மேலோடு மங்கிக் கிடக்கும். இந்த வேறுபாடுதான் முக்கியம். சாயம் பூசி உருட்டிய பிளாஸ்டிக்கில் இது பெரும்பாலும் தெரியாது.

‘பால்டிக்’ (வட ஐரோப்பாவின் பால்டிக் கடல் பகுதியில் கிடைப்பது) என்று சொல்லி விற்றால், சுமார் 4 கோடி ஆண்டுப் பழைய அந்த ஆம்பரை உறுதிசெய்யக் கண் போதாது. எஃப்டிஐஆர் எனும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில் அதற்கே உரிய அடையாளம் தெரியும். விலை உயர்ந்த கல்லுக்கு அந்தச் செலவு தகும்.

விலைக்கு வருவோம். கிராம் கணக்கில்தான் விற்கிறார்கள் என்றாலும், 100 கிராம் எடையுள்ள ஒரே கல்லும் 10 கிராம் கற்கள் பத்தும் ஒரே விலை ஆகாது. பெரிய மணி கடைய இடம் தருவது பெரிய கல்தான். எடை கூடக்கூட கிராம் விலையும் ஏறும். கல்லை நனைத்து, பின்னாலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். விரிசல் எவ்வளவு ஆழம் போகிறது, மேலோட்டைச் சீவினால் மிஞ்சுவது எவ்வளவு என்பதை வைத்தே பேரம் பேச வேண்டும். மேலோட்டின் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பால்போல் மங்கலாக இருப்பது குறையல்ல. நுண்ணிய குமிழிகளால் வருவது, நல்ல கிராக்கி உள்ளது. உள்ளே வட்டத் தகடுபோல் மின்னும் பிளவுகள் இருந்தால், பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்திய கல் அது.

பூச்சி இருந்தாலே லட்சக்கணக்கில் போகும் என்பது மிகை. சிறு கொசு, ஈ வகைகள் பால்டிக் ஆம்பரில் சாதாரணம். பல்லி மிக மிக அரிது. கால் விரித்து நடுநாயகமாகக் கிடக்கும் பெரிய பூச்சியைக் கண்டால், சுற்றி ஒட்டுக்கோடு ஓடுகிறதா, ஒரே தளத்தில் குமிழிகள் வரிசைகட்டி நிற்கின்றனவா என்று லென்ஸில் தேடுங்கள்; இருந்தால், பூச்சியை வைத்து ஒட்டிய போலியாக இருக்கலாம்.

பால்டிக் கடற்கரையில் தாமே பொறுக்குவோருக்கு ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் குண்டுகளிலிருந்து கசிந்த வெள்ளைப் பாஸ்பரஸ் கட்டிகளும் அங்கே மஞ்சளாக, அச்சு அசல் ஆம்பர்போல ஒதுங்குகின்றன. ஈரம் உலர்ந்ததும் உடல் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பொறுக்கியதைச் சட்டைப்பையில் போடாமல், உலோக டப்பாவில் உடலைவிட்டுத் தள்ளி வைத்து உலரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தினக் கல் பரிசோதனைத் துறை வாசகர்