ஏழு டின் பழைய எண்ணெயும் ஒரு தண்ணீர் பாட்டிலும்: உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு பலகாரக் கடைக்காரனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தகர ஷெட்டில் கை வெந்துபோன பையன் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும், அதனால் முழுக்கதையையும் இங்கே எழுதப் போவதில்லை. அவன் அங்கே காய்ச்சிக்கொண்டிருந்த எண்ணெய் யாருடையது என்பது மட்டும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது. அதில் ஏழு டின் என்னுடையது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஜ்ஜி, மசால் வடை, காராசேவு போடுகிற கடை என்றால் உங்கள் ஆட்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் என் வாணலியில், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு 22 என்றார். 25 தாண்டினால்தான் எண்ணெயைக் கொட்டச் சொல்வார்கள், எனக்கு 22. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மாதிரி அன்றைக்கு ஒரு சந்தோஷம், கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பும்போது, "கழிச்ச எண்ணெயை என்ன சார் பண்றது?" என்று கேட்டேன். "பயோடீசல் கம்பெனிக்காரங்க எடுத்துக்குவாங்க, டை-அப் பண்ணிக்கோங்க. ரோட்டுக் கடைக்கு மட்டும் வித்துடாதீங்க" என்றார். நல்ல மனிதர். நானும் அப்படியே செய்தேன். அங்கே பிடித்தது சனி.

கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை போன் செய்தபோது, 30 லிட்டருக்கெல்லாம் வண்டி அனுப்பினால் கட்டாது, 100 லிட்டர் சேர்ந்ததும் கூப்பிடுங்கள் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, டீசல் போட்டு வருகிறவர்கள்தானே. எனக்கு ஒரு நாளைக்கு மிஞ்சுவது மூன்று லிட்டர். மழை நாளில் வியாபாரம் கூடினால் நான்கு. நூறு லிட்டர் சேர ஐந்து வாரம் ஆகும். இந்த ஐந்து வாரமும் அந்த எண்ணெயை எங்கே வைப்பது? என் சமையல்கட்டில் மாஸ்டரும் மாவு பிசைகிற அம்மாவும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் திரும்ப முடியும். கொல்லையில்தான் வைத்தேன். ஆற வைத்து, வடிகட்டி, காலி டின்னில் ஊற்றி, மூடியை அழுத்தி, எலி கவிழ்க்காமல் மேலே கல் வைத்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடை தாங்கவில்லை என்று இரண்டு முறை சண்டைக்கு வந்தார்கள். என் மனைவி, "சாக்கடையில ஊத்திவிட்டுத் தொலைங்களேன்" என்று தினமும் சொல்வாள். டின் மாறிப் போகக்கூடாது என்று என் மகள் ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு நெயில் பாலிஷில் 'மு' என்று எழுதி வைத்தாள். முருகன் பெயரில் கடை.

ஏழாவது டின் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறைந்தது. அப்போதே போன் போட்டேன். திங்கட்கிழமை காலையில் வண்டி வரும் என்றார்கள். லிட்டருக்கு 50 ரூபாய் கணக்கில் ஐயாயிரத்துக்கு மேல் வரும், கடைக்கு இரண்டு சிலிண்டர் எடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை ராத்திரி படுக்கும்போதுகூட கணக்குப் போட்டேன். ஞாயிறு காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் ஏழு கல்லும் வரிசையாக இருக்கிறது, டின் ஒன்றுகூட இல்லை. கல்லைச் சத்தமில்லாமல் எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவு நிதானம். தெருமுனை வரைக்கும் எண்ணெய் சொட்டின தடம். பால் வாங்கப் போன என் அம்மா அதில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார்கள், நல்ல வேளை எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனேன். "கீழ ஊத்துற எண்ணெய்க்கெல்லாம் கேஸாப்பா?" என்று சிரித்தார்கள். புகார் வாங்கினதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீதாவது போட்டுக் கொடுங்கள் என்றதற்கு, எண்ணெய் வாங்கின பில் கொண்டு வா என்றார்கள். புது எண்ணெய்க்குப் பில் இருக்கிறது, பழைய எண்ணெய்க்கு எவன் பில் தருவான்? பஜ்ஜி போட்ட மிச்சத்துக்கு நான்தானே கம்பெனி. அமெரிக்காவில் பெரிய ஓட்டல்களின் பழைய எண்ணெய்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தாலும் அறுத்து உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள், பிடிபட்டால் வழக்கும் போடுகிறார்கள் என்று மகள் போனில் படித்துக் காட்டினாள். நம் ஊரில் அதைத் திருட்டு என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்கே ஒரு நாள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை, தெரிந்த குட்டியானை டிரைவர் ஒருவர் வந்தார். பங்க் விலைக்கு 20 ரூபாய் குறைவாக ஓரிடத்தில் டீசல் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டாராம், நாலாம் நாள் வண்டி மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது, ஃபில்டரைக் கழற்றினால் கூழ் மாதிரி வழிகிறது என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டு நேராக அந்த ஷெட்டுக்குப் போனேன். வாசலிலேயே என் மகளின் 'மு' என்னைப் பார்த்தது.

பையனுக்கு 22 வயது இருக்கும். டிப்ளமோ படித்தவன், வேலை இல்லை. அவன் திருடவில்லை ஐயா, அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். விடியற்காலையில் தார்ப்பாய் மூடின வண்டியில் ஒருவன் கொண்டுவந்து கொடுக்கிறான், இவன் லிட்டருக்கு 60 கொடுத்து வாங்குகிறான். அதே வண்டிக்காரன் நல்ல நிறமாக இருக்கிற டின்னைப் பிரித்துப் பரோட்டா கடைகளுக்கும் தருகிறானாம். அதாவது நான் கழித்து வைத்த எண்ணெய் வேறொருவன் வாணலியில் ஏறி, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் தட்டுக்குப் போகிறது. உங்கள் சட்டத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில் விளைந்த பலன் இது.

ஷெட்டுக்குள் பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், அதற்குள் தண்ணீர் காய வைக்கிற ஹீட்டர் ராடு. ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருந்தான். பிஸ்கட் டின்னில் காஸ்டிக் சோடா, அதில் ஒரு டீ ஸ்பூன். கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கலக்கினால் மேலே பயோடீசல், அடியில் கிளிசரின் என்று பிரியும் என்று அவனே விளக்கினான். வாத்தியார் மாதிரி அழகாகச் சொன்னான். பஜ்ஜி எண்ணெயில் தண்ணீரும் புளிப்பும் இருப்பதால் பாதி நேரம் டீசலுக்குப் பதில் சோப்பு வந்துவிடுகிறதாம். அதைச் சாக்கடையில் கொட்டுகிறான். தெருச் சாக்கடையில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

இதெல்லாம்கூட இருக்கட்டும். ஜன்னல் திட்டில் இரண்டு தண்ணீர் பாட்டில் இருந்தன, இரண்டும் ஒரே மாதிரி, லேபிள் கிழித்தவை. நடந்து வந்த வெயிலில் தொண்டை வறண்டு ஒன்றை எடுத்துவிட்டேன். மூடியைத் திருகும்போது அந்தப் பையன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான். "அண்ணே, அது இல்ல. அது மெத்தனால். தண்ணி இந்தப் பக்கம் இருக்கு." கலங்கல் இல்லை, நிறம் இல்லை, தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. வாசலில் அவன் அக்கா பிள்ளை, மூன்று வயதிருக்கும், மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெத்தனால் என்றால் என்னவென்று இந்த மாநிலத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது கலந்த சாராயத்தைக் குடித்து 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இறந்தவர்கள் இருபதுக்கு மேல். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். பிழைத்தவர்களில் கண் போனவர்களும் உண்டு. அதற்கப்புறம் சட்டத்தைத் திருத்தினார்கள், தண்டனையைக் கூட்டினார்கள், மெத்தனால் எங்கே போகிறது என்று சொட்டுச் சொட்டாகக் கண்காணிப்போம் என்றார்கள். அப்படிக் கண்காணித்த ஊரில்தான் லைசென்ஸ் இல்லாத 22 வயதுப் பையனுக்கு 20 லிட்டர் கேனில் அது கிடைக்கிறது. எங்கே வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. அது நான் கேட்க வேண்டிய கேள்வி இல்லை என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். டின் போனதையும் எழுதினேன், ஷெட்டையும் எழுதினேன், பாட்டிலையும் எழுதினேன். மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. பத்தாம் நாள் ஷெட் தீப்பிடித்துக்கொண்டது.

ஒரு தீப்பொறி பட்டால் மெத்தனால் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் என்று தீயணைப்பு வண்டியோடு வந்தவர் சொன்னார். நம் ஊர் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் கிடையாது, அப்படியென்றால் அந்தக் கேன் வருஷம் முழுக்க நெருப்புக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. 65 டிகிரியில் அது கொதிக்கவே ஆரம்பித்துவிடும். இவன் மூடியில்லாத டிரம்மில் ராடைப் போட்டு 60 வரைக்கும் சூடாக்கிக்கொண்டிருந்தான், மேலே டேப் சுற்றின ஒயர். உச்சி வெயில் நேரம். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் சொன்னது இதுதான்: "கை சுடுதுண்ணே, ஆனா நெருப்பைக் காணோம்."

பயோடீசலை நான் குறை சொல்லவில்லை. முறையாகத் தயாரித்து, கழுவி, மிச்ச மெத்தனாலை எடுத்துவிட்டால் அது பங்க் டீசலைவிடச் சாது, லேசில் தீப்பிடிக்காது. செய்கிற வழியில்தான் ஆபத்து இருக்கிறது, அந்த வழியைச் சரியாகச் செய்வதற்கு ஆலைகள் இருக்கின்றன. ஆலைகள் எண்ணெய் போதவில்லை என்கின்றன. என்னிடம் எண்ணெய் இருக்கிறது. நடுவில் ஒரு வண்டி இல்லை, அவ்வளவுதான் ஐயா பிரச்சினை.

நான் கேட்பதும் அதுதான். வாரம் ஒரு நாள் வண்டி வரட்டும், எடுத்த எண்ணெய்க்குக் கையில் ரசீது வரட்டும். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கிற கடைகளுக்குத்தான் கணக்கு எழுதுவதும், பழைய எண்ணெயை ஏஜென்சிக்குக் கொடுப்பதும் 2019 மார்ச்சிலிருந்து கட்டாயம். பெரிய ஓட்டல்களுக்கு வண்டி வாசலுக்கே வருகிறது. அந்த வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. இந்தத் தெருவில் மட்டும் பொரிக்கிற கடைகள் பதினொன்று, எல்லோரிடமும் பேசிவிட்டேன், பதினொன்றும் சேர்ந்தால் வாரத்துக்கு 200 லிட்டருக்குக் குறையாது. இதற்கு ஒரு கூட்டம், ஒரு சுற்றறிக்கை, ஒரு தேதி போதும்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 10 அன்றும் உயிரி எரிபொருள் நாள் என்று பேனர் கட்டுகிறார்கள். பழைய எண்ணெயைப் பயோடீசலாக்கும் திட்டத்தை 2018 ஆகஸ்டில் அறிவித்தார்கள், எனக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள், கல்லாவுக்கு மேலே இன்னும் ஒட்டியிருக்கிறது, ஓரம் மட்டும் எண்ணெய் பட்டுக் கிளம்பிவிட்டது. பழைய பேப்பரில் வடை மடித்தால் நோட்டீஸ், கேரி பேக் வைத்திருந்தால் அபராதம், தலையில் தொப்பி இல்லை என்றால் போட்டோ. எல்லாம் சரிதான், வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வருவதற்கு ஆள் இருக்கிறது, ஜீப் இருக்கிறது, எண்ணெயை எடுத்துப் போக மட்டும் ஆளும் இல்லை வண்டியும் இல்லை. திருட்டு வண்டி மட்டும் வாரம் தவறாமல், நேரம் தவறாமல், போன் பண்ணாமலே வருகிறது. அவனிடமே டெண்டரைக் கொடுத்துவிடலாமே என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். நான் சிரித்துவிட்டேன், அதற்கும் மன்னிக்க வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். தங்கள் துறை மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மீட்டரைக் கொண்டுவந்தவரைப் போல இன்னும் நாலு பேர் இருந்தால் ஊர் உருப்படும். அந்தப் பையன் மேல் கேஸ் போட்டு உள்ளே தள்ளுவதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, மெத்தனால் கொடுத்தவனையும் தார்ப்பாய் வண்டிக்காரனையும் காவல் துறையோடு பேசித் தேடுங்கள். பழைய எண்ணெய் காணாமல் போனாலும் அது திருட்டுதான், புகாரை வாங்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றபடி கேட்பது பழையதேதான்: வாரம் ஒரு நாள் வண்டி, கையில் ரசீது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருவர் வந்து லிட்டருக்கு 65 தருகிறேன், இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எந்த ஊர், எதற்கு என்று சொல்லவில்லை. இல்லை என்று அனுப்பிவிட்டேன். உள்ளே போனால், "அம்மாவும் விழுந்தாச்சு, எண்ணெயும் போச்சு, இன்னும் யாருக்காகக் காவல் காக்குறீங்க?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது நான்கு டின் நிறைந்துவிட்டது, ஐந்தாவதில் பாதி இருக்கிறது. சைக்கிள் சங்கிலி போட்டு அடுப்பங்கரைத் தூணோடு பூட்டி வைத்திருக்கிறேன், மாஸ்டர் அதைத் தாண்டித் தாண்டித்தான் பஜ்ஜி போடுகிறார். காலை 11 மணிக்குமேல் எப்போது வந்தாலும் கடையில் இருப்பேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பலகாரக் கடைக்காரன்