கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்பதற்கு முன் மற்றதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 43. மாதவிலக்கு நாட்களில் இரண்டு நாப்கின் சேர்த்து வைத்தாலும் ஒரு மணி நேரம் தாங்காது. வாடிக்கையாளருக்குப் பட்டு விரித்துக் காட்டும்போது பாதியில் விட்டுவிட்டு ஓட முடியுமா? அடர்நிறச் சேலையாகப் பார்த்துக் கட்டிச் சமாளித்தேன். படியேறினாலே மூச்சு வாங்கிய பிறகுதான் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 7.4. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவரில் நார்க்கட்டி.

முதலில் போன தனியார் மருத்துவமனையில், "ரெண்டு பிள்ளை ஆயிடுச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கும்மா? எடுத்துடலாம். காப்பீட்டு அட்டை இருக்கா?" என்றார்கள். விட்டால் புற்றுநோயாகிவிடும் என்றும் சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் உயிரே போய்விட்டது. நார்க்கட்டி என்று நினைத்தது புற்றுநோயாக இருப்பது மிக அரிது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொன்னவர் அரசு மருத்துவமனை டாக்டரம்மா. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கர்ப்பப்பையை வரைந்து காட்டினார். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் இரண்டும் இருக்கும்வரைதான் இந்தக் கட்டி வளரும். வயதாகி மாதவிலக்கு நின்றால் தானாகச் சுருங்கும். மாதமாதம் போடும் ஊசி ஒன்று உண்டு. சினைப்பையைத் தற்காலிகமாக ஓயவைத்துக் கட்டியைச் சுருக்கும், ரத்தம் ஏறும். ஆனால் உடம்பெல்லாம் அனல் அடிக்கும், எலும்பு தேயும், நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். அதனால் பெரும்பாலும் ஆபரேஷனுக்குத் தயார் செய்யத்தான் அது. ஹார்மோன் கலந்த மாத்திரை, காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று மற்ற வழிகளும் இருக்கின்றன.

எனக்கு அந்தச் சாதனத்தை வைத்தார்கள். கட்டி உட்புறத்தைச் சிதைக்காமல் இருந்ததால் முடிந்தது. சிதைத்திருந்தால் நழுவி விழுந்துவிடுமாம். கட்டி இதில் கரையாது, ரத்தப்போக்குதான் குறையும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இப்போது ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. உடன் வேலை பார்க்கும் அக்காவுக்குக் கட்டி பெரிது, ஆபரேஷன்தான் சரி, நன்றாக இருக்கிறார். மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். நார்க்கட்டிக்குக் கொடுக்கும் யூலிபிரிஸ்டல் கல்லீரலைக் கெடுக்கக்கூடும் என்று ஐரோப்பாவில் 2021-இல் கட்டுப்பாடு விதித்தார்கள். இங்கேயோ கோயில் விசேஷத்துக்குத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையையே, போக்கு நிற்கட்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. நம் மாவட்டக் குழுவில் யார் இருக்கிறார்கள், யாரிடம் முறையிடுவது என்பதை மருத்துவமனை வாசலிலேயே எழுதிப் போடலாமே?

இன்னொன்று. காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம். ஹார்மோன் சாதனத்தை நான் வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். கூலிக்குப் போகும் பெண்ணால் முடியாது. காப்பீட்டில் ஆபரேஷன் இலவசம் என்றால் அவள் அதைத்தானே ஒத்துக்கொள்வாள்? தாலுகா மருத்துவமனைகளிலும் இந்தச் சாதனம் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அப்புறம், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வரும் சகோதரிகள், "மாதவிலக்கில் போக்கு அதிகமா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு