வெளிமாநிலத் தொழிலாளிக்கு ரேஷன் அரிசி: எந்த அட்டை செல்லும், எது செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்து ரேஷன் கடை வரிசைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: “நம்ம அரிசியை வடக்கத்திக்காரங்க வாங்கிட்டுப் போறாங்க.” கடை ஊழியர்களிலும் சிலர் அதே நினைப்பில், “உங்களுக்கு இங்க கிடையாது” என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஆள் கூட்டிவரும் ஏஜென்ட்டுகள் “ஆதார் இருந்தா போதும், தமிழ்நாட்டுல அரிசி ஃப்ரீ” என்று சொல்லியே ரயில் ஏற்றுகிறார்கள். மூன்று பேச்சும் தவறு. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது. அது எந்தக் கடைச் சுவரிலும் எழுதப்படவில்லை என்பதுதான் குறை.

முதலில், அது யார் அரிசி? 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா குடும்பத்துக்கு அட்டைக்கு 35 கிலோ தானியம் மத்தியத் தொகுப்பிலிருந்து வருகிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ என்பது அந்த ஒதுக்கீட்டை இருக்கிற ஊரில் வாங்கிக்கொள்ளும் வழி மட்டுமே. தமிழ்நாடு இதில் 2020 அக்டோபரில் சேர்ந்தது. கடைசி மாநிலமாக அசாம் 2022 ஜூனில் சேர்ந்தது. ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பெண் 5 கிலோ வாங்கினால், அது அவருடைய ஊர்க் கணக்கில் கழிகிறது. தமிழக அரசு தன் செலவில் தருகிற சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் எதுவும் அவருக்குக் கிடையாது. அவர் கேட்டாலும் மெஷின் தராது. ஆகவே நம் ஒதுக்கீடு குறைகிறது என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. கடையில் இருப்பு தட்டுப்படுவது வேறு விஷயம்; அதைப் பிறகு சொல்கிறோம்.

அடுத்தது அட்டை. குழப்பம் முழுக்க இங்கேதான். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை மட்டுமே மாநில எல்லையைத் தாண்டும். பல மாநிலங்கள் சட்டத்தில் இடம் கிடைக்காதவர்களுக்காகச் சொந்தச் செலவில் தனி அட்டை கொடுத்திருக்கின்றன. அவை ஊரில் செல்லும், இங்கே செல்லாது. ஜார்க்கண்டில் இளஞ்சிவப்பு அட்டையும் (முன்னுரிமை) மஞ்சள் அட்டையும் (அந்தியோதயா) இங்கே செல்லும். மாநில அரசின் பச்சை அட்டை செல்லாது. மேற்கு வங்கத்தில் ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா), பி.எச்.எச். (முன்னுரிமை), எஸ்.பி.எச்.எச். (சிறப்பு முன்னுரிமை) என்று அச்சிட்டவை செல்லும், மாநிலத் திட்ட அட்டைகளான ஆர்.கே.எஸ்.ஒய். 1, 2 என்றிருப்பவை செல்லாது. ஒடிசாவிலும் மாநில உணவுப் பாதுகாப்புத் திட்டத்தில் கொடுத்த அட்டைக்கு இங்கே பொருள் இல்லை. எஸ்டேட் தொழிலாளர்கள் தங்கும் ஒரே லைன் வீட்டில், ஒரே ஊரிலிருந்து வந்த இருவரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். விற்பனையாளர் ஆள் பார்த்துப் போடுகிறார் என்று சண்டை மூள்வதும் இதனால்தான்.

நம் ஆட்களுக்கும் இதே விதி என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு ஸ்மார்ட் அட்டையில் பி.எச்.எச். என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ குறியீடு இருந்தால் பெங்களூரிலும் குடகிலும் அரிசி வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஓசூரைத் தாண்டினால் அது வெறும் முகவரிச் சான்று. இங்கே இரண்டு வகைக்கும் அரிசி இலவசம் என்பதால் யாரும் அந்த எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. வெளிமாநிலத் தோட்ட வேலைக்குக் கிளம்பும் மலைக்கிராமத்துக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி கடையில் நடக்க வேண்டியது. அட்டையைக் கையில் கொண்டுவர வேண்டியதில்லை. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். விற்பனையாளர் தமிழ்நாட்டு அட்டைக்கான திரையில் எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு “வரலை” என்று சொல்வது அதிகம் நடக்கிறது. வெளிமாநில அட்டைக்கு மெஷினில் தனித் தேர்வு உண்டு. அதற்குள் போய்த்தான் அடிக்க வேண்டும். குடும்பத்தார் பெயர்கள் திரையில் வரும். வந்திருப்பவரின் பெயரைத் தேர்ந்து கைரேகை வைத்தால், அந்த மாதத்தில் மீதி எவ்வளவு என்று காட்டும். எடை போட்டு பில் வாங்கிக்கொள்ள வேண்டும். காசு தர வேண்டியதில்லை. மத்தியத் தொகுப்புத் தானியம் 2023 ஜனவரி முதல் இலவசம். முன்பு அரிசிக்கு இருந்த கிலோ 3 ரூபாய் விலையைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்கக் கூடாது. ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் புழுங்கல் அரிசிப் பழக்கம் உண்டு என்பதால் நம் கடை அரிசியை அவர்கள் ஒதுக்குவதில்லை. கோதுமை மட்டும் இருப்பைப் பொறுத்தது.

கணக்கு ஒன்று. ஊரில் ஐந்து பேர் கொண்ட முன்னுரிமைக் குடும்பம் என்றால் மாதம் 25 கிலோ. கணவனும் மனைவியும் இங்கே 10 கிலோ எடுத்தால் மீதி 15 கிலோவை ஊரில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் முதலிலேயே 25 கிலோவையும் வாங்கிவிட்டால் இங்கே மெஷின் பூஜ்யம் காட்டும். ‘மெஷின் ரிப்பேர்’ என்று சொல்லப்படுகிற புகார்களில் பல இந்த வகைதான். ஆகவே மாதத் தொடக்கத்திலேயே ஊருக்கு ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்வது நல்லது. அந்தியோதயா அட்டையில் 35 கிலோ ஆளுக்குப் பிரிக்கப்படுவதில்லை. இங்கே எடுப்பது அத்தனையும் வீட்டு அடுப்பிலிருந்துதான் குறையும். பெற்றோர் இருவரும் இங்கே வந்துவிட்டு, ஊரில் பாட்டியிடம் பிள்ளைகளை விட்டிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாட்டி வேறு அட்டையில் இருந்தால், பிள்ளைகள் பங்குக்கு ரேகை வைக்க அங்கே பெரியவர் யாரும் இல்லை. அந்தப் பங்கு மாதாமாதம் எடுக்கப்படாமலே போகக்கூடும். ஒரு மாதத்தில் எடுக்காதது அடுத்த மாதத்துக்குச் சேராது.

ரேகை விழாமல் போவது இங்கே பெரிய தலைவலி. காப்பிப் பழம் பறித்து, மிளகு உருவி, களை வெட்டிய விரலில் வரி தேய்ந்திருக்கும். சிவதாபுரம், பனங்காடு பக்கத்து வெள்ளிப் பட்டறைகளில் அமிலத்தில் கை வைப்பவர்களுக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டு அட்டைதாரருக்கு ரேகை விழாவிட்டால் கடைக்காரர் வேறு வழி பார்த்துவிடுவார். முதியவர்கள் சார்பில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவமும் இருக்கிறது. வெளிமாநில அட்டைக்கு இந்தச் சலுகைகள் எதுவும் பொருந்தாது. ஆதார் சரிபார்ப்பு நடந்தே ஆக வேண்டும். விரலைக் கழுவித் துடைத்து, பத்து விரலையும் மாற்றி வைத்துப் பார்ப்பது முதல் வேலை. கருவிழிக் கருவி வந்துவிட்ட கடைகளில் அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்த வேண்டும். அதுவும் ஆகாவிட்டால், ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதுதான் வழி. கூடவே இப்போது கையில் இருக்கும் செல்போன் எண்ணையும் ஆதாரில் சேர்த்துவிட வேண்டும். பலர் இங்கே வந்ததும் புது சிம் வாங்கி ஊர் எண்ணை விட்டுவிடுகிறார்கள்; பிறகு ஓ.டி.பி. யாருக்கோ போகும். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதார் ரேகை பதிவு கட்டாயம். அதைச் செய்யாத பிள்ளையின் பெயர் அட்டையில் இருந்தும் சரிபார்ப்பில் நிற்காது.

இதற்கு மேல் இ-கே.ஒய்.சி., அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு. அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். செய்யாதவர் பெயர் நிறுத்தப்படும் அபாயம் உண்டு. இதற்காகச் சம்பளத்தை விட்டு, டிக்கெட் போட்டு ஊருக்குப் போய் வருகிறார்கள். தேவையே இல்லை. இருக்கிற ஊர் ரேஷன் கடை மெஷினிலேயே செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. முகத்தைக் காட்டிச் செய்யும் ‘மேரா இ-கே.ஒய்.சி.’ செயலியும் இருக்கிறது. ஆனால் அரிசி போடுவதற்கே நேரமில்லாத விற்பனையாளர் இன்னொரு மாநிலத்து அட்டைக்கு இந்த வேலையைச் செய்வாரா என்றால், மேலிருந்து எழுத்தில் உத்தரவு வந்தால் ஒழியச் செய்யமாட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. மலைக் கடைகளில் சிக்னல் வந்து போகிறது. மாதத்தின் முதல் வாரத்தில் சர்வரும் திணறுகிறது. இரண்டாவது வாரம், காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் போவது உத்தமம். விடுமுறைக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கடை உண்டு, அதற்குப் பதில் முதல் இரண்டு வெள்ளி விடுமுறை, கடைசி இரண்டு ஞாயிறுகளில் கடை இல்லை. தோட்டத் தொழிலாளி டவுனுக்கு இறங்குவதே ஞாயிற்றுக்கிழமைதான். ஆக இரண்டாவது ஞாயிறு தவறினால் ஒரு நாள் கூலியை விட்டால்தான் அரிசி.

இருப்புப் பிரச்சினைக்கு வருகிறோம். கடைக்கு வரும் மூட்டை அந்தக் கடையின் சொந்த அட்டைகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வெளியார் நாற்பது, ஐம்பது பேர் வந்து வாங்கினால் மாதக் கடைசியில் உள்ளூர்க்காரருக்குக் குறையும் என்று விற்பனையாளர் பயப்படுகிறார். அது நியாயமான பயம். எந்தக் கடையில் எத்தனை வெளிமாநில பில் விழுந்தது என்பது மெஷினிலேயே இருக்கிறது. அந்த எண்ணிக்கையை வட்ட வழங்கல் அலுவலகம் மாதாமாதம் எடுத்து, நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து அந்தக் கடைக்குக் கூடுதலாக அனுப்பினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

எங்குமே அட்டை இல்லாதவர் நிலைமை வேறு. சட்டத்தின் பயனாளி எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கில் அப்படியே நிற்கிறது; கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் என்பது தேசிய அளவு. அதன் பிறகு பிறந்தவர்களும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களும் பல மாநிலங்களில் வெளியேதான் நிற்கிறார்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தும் ரேஷன் அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே அட்டையில்லாதவர் இ-ஷ்ரம் பதிவையாவது செய்து கையில் வைத்திருக்க வேண்டும்.

அவர் தமிழ்நாட்டு அட்டைக்கே மனு செய்யலாமா? செய்யலாம். இந்தியக் குடிமகனாக, தமிழ்நாட்டில் குடும்பத்தோடு வசித்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவராக இருந்து, வேறெங்கும் அட்டை இல்லாமலிருந்தால் போதும். பொது விநியோகத் துறையின் இணையதளத்தில் மனு போடலாம். ஊர் அட்டையில் பெயர் இருந்தால் முதலில் அங்கே நீக்கிச் சான்று வாங்க வேண்டும். ஒரே ஆதார் எண் இரண்டு அட்டையில் இருந்தால் மனு தானாகவே தள்ளுபடியாகும். எங்கள் கருத்து, ஒரு சீசனுக்கு வருபவர் இதைச் செய்யவே கூடாது. ஊர் அட்டை போனால் அதோடு கட்டிய மற்ற உதவிகளும் போகும். திரும்பச் சேர்ப்பது எளிதல்ல. பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட குடும்பத்துக்கு மட்டும் இது பொருந்தும். அவர்களுக்குத் தடை முகவரிச் சான்றுதான். லைன் வீட்டுக்கும் பட்டறை மாடி அறைக்கும் வாடகை ஒப்பந்தமோ தொழிலாளி பெயரில் மின்கட்டண ரசீதோ எப்படி இருக்கும்? எஸ்டேட் நிர்வாகம் தரும் குடியிருப்புக் கடிதத்தை, நேரில் விசாரித்துவிட்டு ஏற்கலாம் என்று மாவட்ட நிர்வாகம் தெளிவுபடுத்த வேண்டும்.

தாரமங்கலம் பவளத்தானூர் போன்ற மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அவர்களுக்கான அரிசியும் உதவித்தொகையும் தனி அரசாணைகளின்படி மறுவாழ்வுத் துறை வழியாக வருபவை.

அட்டையே இல்லாமல் கிடைப்பவற்றை யாரும் சொல்வதில்லை. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தை ஆகியோருக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் சத்துணவு பெற உரிமை உண்டு. ரேஷன் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரசுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மதிய உணவு உண்டு, ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. ஆளுக்கு 5 கிலோ அரிசியை விடக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய உதவி; பள்ளியில் சேர்க்காததால் இழக்கிறார்கள்.

கடையில் மறுத்தால் 14445 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டுப் புகார் எண் 1967. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. சனிக்கிழமை எஸ்டேட்டில் வேலை நாள் என்பதால் ஏற்காட்டு முகாமை மட்டுமாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். ஆதார் புதுப்பிப்பு, இ-கே.ஒய்.சி., அட்டை சோதனை மூன்றையும் அங்கேயே முடித்துவிடலாம். எந்தெந்த அட்டை செல்லும் என்ற பட்டியலை இந்தி, ஒடியா, வங்க மொழிகளில் கடை வாசலில் ஒட்டலாம். நவம்பரில் காப்பிப் பழம் பறிக்க ஆள் வரத் தொடங்கிவிடும். அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குள் இதைச் செய்தால்தான் இந்தப் பருவத்துக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.