இரண்டு சித்தூர்களுக்கு நடுவே

அன்பு நண்பருக்கு,

தங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியால் இங்கும் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நீங்கள் ஆந்திரச் சித்தூரிலும் நான் பாலக்காட்டுச் சித்தூரிலும் குடியேறியதைப் பழைய வகுப்புத் தோழர்கள் கேலி செய்வார்களே, அந்தக் கேலியே இப்போது எனக்கு வேலையாக வந்து சேர்ந்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கத்து ஏரி குளங்களைப் பல ஆண்டுகளாக நான் பட்டியலிட்டு வருவதை அறிவீர்கள். அதை இணையத்தில் ஏற்றிய பிறகு, ‘சித்தூர் ஏரிகள்’ என்று தேடியபோதெல்லாம் தங்கள் ஊர்ப் படங்களே முன்னால் வந்து நின்றன. மலையாளத்தில் எங்கள் ஊர்ப் பெயரில் றகரம் இரட்டிக்கிறது, தெலுங்கில் தங்கள் ஊர்ப் பெயரில் தகரம் இரட்டிக்கிறது. தமிழில் எழுதினாலோ இரண்டும் ஒரே ஊராகிவிடுகின்றன. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்திரம்தான் என்ன செய்யும்?

கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 2011 ஜூனில் வெளியிட்ட, பக்கத்தில் இருப்பது இன்னதென்று தேடுபொறிக்குச் சொல்ல உதவும் ஸ்கீமா.ஆர்க் என்னும் பொதுச் சொற்றொகுதியைப் பற்றி என் மகள் சொன்னாள். படிப்பவர் கண்ணில் படாமல், பக்கத்தின் உள்ளே, எந்திரம் படிப்பதற்கான ஜேசன்-எல்டி என்னும் குறிவடிவில் சில வரிகளைச் சேர்க்க வேண்டும்: இது ஓர் இடம், கேரளத்தில் உள்ளது, அட்சரேகை 10.70, தீர்க்கரேகை 76.74, விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவில் இதற்குரிய எண் இன்னது. தங்கள் ஊருக்கு 13.2, 79.1 என்று வரும். அதன்பின் எழுத்து ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு என்பது எந்திரத்துக்குத் தெளிவாகிவிடும்.

எழுதுவது எளிது என்றுதான் நினைத்தேன். வேர்டில் எழுதி ஒட்டியதால் மேற்கோள்குறிகள் எல்லாம் வளைந்துபோய், கூகுளின் சோதனைக் கருவி முதல் வரியிலேயே பிழை காட்டியது. அவற்றை நிமிர்த்திய பிறகு பிழை மறைந்தது, ஆனால் வரைபடத்தில் பார்த்தால் எங்கள் ஏரி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்தது! இரண்டு ரேகைகளையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். வாக்கியம் சரியா என்று பார்க்கும் கருவி, சொன்னது உண்மையா என்று பார்ப்பதில்லை.

முன்பு இதே பட்டியலைக் கூகுளின் ஃப்யூஷன் டேபிள்ஸில் வைத்திருந்தேன். அட்டவணையை ஏற்றினால் தானே வரைபடமாக்கித் தந்த அருமையான கருவி அது. 2009இல் வந்தது, 2019 டிசம்பர் 3ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. ஓராண்டுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள், நான்தான் அறிவிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வரைபடம் போயிற்று, பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து மீண்டும் தட்டெழுத வேண்டியதாயிற்று. ஆகவே இப்போது மூலப் பட்டியல் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக என் வீட்டிலேயே இருக்கிறது. இணையத்துக்குப் போவது அதன் நகல்தான். முழுப் பட்டியலையும் ஒரு தரவுத்தொகுப்பு என்று குறித்துவைத்தால், 2018இல் தொடங்கிய கூகுளின் தரவுத் தேடலிலும் அது இடம்பெற வாய்ப்புண்டு. உறுதியாக இடம்பெறும் என்று சொல்ல முடியாது, குறித்ததையெல்லாம் காட்டியே தீருவோம் என்று அவர்கள் எங்கும் வாக்களிக்கவில்லை.

தங்களிடம் உள்ள ஏரிக் குறிப்புகளையும் இதே வடிவில் கொண்டுவர விரும்புகிறேன். தெலுங்குப் பெயர், தமிழ்ப் பெயர், இரண்டு ரேகைகள், இவை நான்கும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் இருந்தால் போதும். ரேகைகளில் முதலில் அட்சரேகை.

அன்புடன்,
தங்கள் பழைய பெஞ்சுத் தோழன்