கிடங்குக்குப் போ, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய உன் க்யூரேட்டர் படிப்பின் பாடத்திட்டத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன், கண்காட்சிகளைத் திட்டமிட்டு அமைக்கிற வேலைக்கு எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது! அடுத்த பருவத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையா? கண்காட்சிக் கோட்பாடு பற்றி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை, அல்லது ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பிரிவில் களப்பயிற்சி. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கட்டுரைப் பக்கம்தான் சாய்கிறார்கள், கிடங்கில் உட்கார்ந்து பட்டியல் எழுதவா முதுகலை படிக்க வந்தோம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். கிடங்குக்குப் போ.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நீ எங்கிருந்தாலும் படிப்பாய், ராத்திரி இரண்டு மணிக்குக்கூடப் படிப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? ஆனால் அருங்காட்சியகத்தின் சேமிப்பறைக் கதவு மாணவர்களுக்குத் திறப்பது அபூர்வம். கண்காட்சிக்கு வருகிறவர்கள் பார்ப்பது சேகரிப்பின் ஒரு சிறு பகுதியை மட்டும்தான். மீதியெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, இருட்டில், பெட்டிகளில்.

அதுவும் நீ படிப்பது சமகாலக் கலை. பழைய கற்சிலை ஆயிரம் ஆண்டு தாங்கும். உன் காலத்துக் கலைப்பொருள்கள் உன் கண்ணெதிரேயே கெட்டுப்போகும். சிற்பி ஏவா ஹெஸ் 1960களின் கடைசியில் லேட்டெக்ஸ் ரப்பரில் செய்தவற்றைப் பார். முதலில் மென்மையாக, ஒளி ஊடுருவும்படி இருந்தவை, பழுத்து விறைத்து, தொட்டால் நொறுங்குகிற நிலைக்கு வந்துவிட்டன. அதை அப்படியே காட்டுவதா, புதிதாகச் செய்து காட்டுவதா, காட்டாமலே வைத்திருப்பதா? அவர் 1970-இல் 34 வயதில் இறந்துவிட்டார், கேட்க வழியில்லை. தென்கொரியாவில் வீடியோக் கலைஞர் நாம்-ஜுன் பைக் 1988-இல் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய கோபுரம் 2018-இல் நிறுத்தப்பட்டது. அந்தப் பழைய படக்குழாய்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. முடிந்தவற்றைப் பழுதுபார்த்து, முடியாதவற்றுக்குப் பதிலாக எல்சிடி திரை வைத்து, வெளித்தோற்றம் மாறாமல் 2022-இல் மறுபடி ஓடவிட்டார்கள். திரை மாறிய பிறகும் அது பைக்கின் படைப்புதானா? இதைவிட ஆழமான கோட்பாட்டுக் கேள்வி எந்தக் கருத்தரங்கில் கிடைக்கும், சொல். அந்தக் கேள்வி பிறப்பது ஒரு பழுதான குழாயின் முன்னால்தான்.

கிடங்குக்குப் போனால் முதலில் நிலை அறிக்கை, அதாவது ஒரு பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு, எழுதச் சொல்வார்கள். சலிப்பான வேலை என்று தோன்றும், தோன்றட்டும். ஓர் ஓவியம் இரவலுக்குப் போகிறதென்றால், பெட்டியில் வைக்கும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்தச் சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும். இடது கீழ் மூலையில் இரண்டு சென்டிமீட்டர் கீறல், மேல் விளிம்பில் வண்ணம் பெயர்ந்த புள்ளி, பின்பக்கம் ஒரு பழைய காட்சிக்கூடத்தின் ஒட்டுச்சீட்டு. எல்லாவற்றையும் படமெடுத்து, குறித்து, கையெழுத்துப் போட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்ததும் மறுபடி அதே சோதனை. சுவரிலிருந்து கழற்றிய நொடி முதல் திரும்ப மாட்டும் வரை காப்பீடு இருக்கும், அதற்கு அடிப்படையே அந்தத் தாள்தான். ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரே ஓவியத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில், எந்தக் கருத்தும் சொல்லாமல் பார்க்க வேறு எந்த வகுப்பு உன்னை உட்கார வைக்கும்? அந்தப் பின்பக்க ஒட்டுச்சீட்டிலிருந்து ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்ற கதையைத் தோண்டி எடுக்கலாம். 1897-இல் இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்திலிருந்து பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துப் போனவற்றைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சில், பழைய பதிவேடுகள்தானே சாட்சியாக நின்றன?

அப்புறம், படைப்பின் பக்கத்தில் சுவரில் மாட்டும் விளக்க அட்டை. நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தைத் திருத்துகிற வேலை எனக்கு, அதனால் இதில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கண்காட்சிக் கையேட்டில் நீ எழுதும் பத்துப் பக்கத்தைச் சிலர் படிப்பார்கள். சுவரில் இருக்கும் 60 சொல்லை எல்லோரும் படிப்பார்கள். கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸின் மிட்டாய்க் குவியல் உனக்குத் தெரிந்ததுதான். 1991-இல் செய்தது. அவருடைய துணைவர் ராஸ் எய்ட்ஸில் இறந்த ஆண்டு அது. குவியலின் உத்தேச எடை 175 பவுண்டு, ஒரு மனித உடலின் எடை. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம், குவியல் குறைந்துகொண்டே வரும். 2022-இல் சிகாகோ கலைக்கூடத்தின் அட்டையில் ராஸின் நோய் பற்றிய வரி இல்லாமல் போனதை ஒரு பார்வையாளர் கவனித்தார். பெரிய சர்ச்சையாகி, பிறகு அதைத் திரும்பச் சேர்த்தார்கள். ஒரே ஒரு வரிதான். அது இல்லாவிட்டால் பளபளக்கும் தாளில் சுற்றிய இனிப்பு, அவ்வளவே. இப்படி ஒரு வரியை எடுப்பதும் வைப்பதும் நாளை உன் கையில் இருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

கலைஞர் ஃப்ரெட் வில்சன் 1992-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் செய்ததை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுத்து, வேலைப்பாடு மிக்க வெள்ளிக் கூஜாக்களுக்கு நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கை வைத்தார். அட்டையில் 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று மட்டும் எழுதினார். பக்கத்தில் வைத்ததே போதுமாக இருந்தது. அந்த விலங்கு அவ்வளவு காலமும் அங்கேயேதான் இருந்தது, கண்ணம்மா. கிடங்குக்குள் இறங்கிப் பார்த்ததால்தானே அவருக்கு அது கிடைத்தது?

இந்தப் பட்டம் இல்லாமலே பெரிய க்யூரேட்டர்கள் வந்திருக்கிறார்களே, இது வீண் செலவோ என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தாய். வந்திருக்கிறார்கள்தான். ஓக்வி என்வேசர் படித்தது அரசியல் அறிவியல். 2002-இல் டாக்குமென்டா என்ற பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியின் பதினோராவது பதிப்பை நடத்தியபோது அதை ஜெர்மனியின் காசெல் நகரத்தோடு நிறுத்தாமல் வியன்னா, புது டெல்லி, லாகோஸ் என்று உரையாடல்களாகப் பரப்பினார். அந்தப் பார்வை எந்தத் துறையிலிருந்தும் வரலாம். ஆனால் கலைஞரோடு ஒப்பந்தம் போடுவது, கலைப்பொருளை இரவல் கேட்டுக் கடிதம் எழுதுவது, காகித ஓவியத்துக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் போகாமல் பார்ப்பது, இதையெல்லாம் தட்டுத் தடுமாறிக் கற்பதற்குப் பதில் ஒழுங்காகச் சொல்லித்தரும் இடத்தில் நீ இருக்கிறாய். வீண் இல்லை.

பணம் பற்றி ஒன்று. இந்தத் துறையில் சம்பளமில்லாப் பயிற்சியை அனுபவம் என்ற பெயரில் நீட்டுகிற வழக்கம் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தாக்குப்பிடித்து, கடைசியில் அருங்காட்சியகங்களில் அவர்கள் குரல் மட்டும் கேட்கிறது. படிப்பின் பகுதியாக வருவதைச் செய், மதிப்பெண் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகு யாராவது இலவசமாக வேலை கேட்டால் கூச்சப்படாமல் மறு. க்யூரேட்டர் வேலை உடனே கிடைக்காவிட்டால் பதிவாளர், கல்விப் பிரிவு, ஆவணக் காப்பகம் என்று எதில் நுழைந்தாலும் சரி. பதிவாளருக்குத் தெரியாமல் ஒரு பொருளும் வாசலைத் தாண்டாது என்று நீயே சொல்லியிருக்கிறாய், அது சின்ன வேலையா என்ன?

களப்பயிற்சி விண்ணப்பத்துடன் ஒரு மாதிரி விளக்க அட்டையும் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். எழுதியதும் எனக்கு அனுப்பு. 60 சொல்லுக்கு மேல் போனால் வெட்டித்தான் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நிதானமாகப் பார்க்க எனக்கு நேரம் இருக்கும்.

அன்புடன்,
அம்மா